பைபாஸ் வந்துட்டேன்

எங்கப்பாவுக்கு உட்கார்ந்திருப்பதுதான் உத்தியோகம். பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டினார். அதன்பிறகு ஆறு வருடம் லாரியில் உட்கார்ந்திருந்தார். லாரிகள் தாமாகவே ஓட ஆரம்பித்தபோது நாமக்கல்லில் பாதி டிரைவர்கள் முட்டைக் கிடங்குக்கு வேலைக்குப் போனார்கள். மீதிப்பேர் ‘இருக்கைப் பொறுப்பாளர்’ ஆனார்கள். வண்டி தானாக ஓடும். இவர்கள் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். எதற்காக என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன்.

“ஏதாச்சும் ஆச்சுன்னா போலீஸ்காரர் யாரையாச்சும் அறையோணுமில்ல பாப்பா? பொட்டியை அறைஞ்சா அவரு கைதான வலிக்கும்.”

அப்பாவின் பெயர் சென்னியப்பன். அவர் ஒரு பொய்யர். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை, ஒருவருக்கு நன்றாகப் பாட வரும் என்று சொல்வதைப்போலச் சொல்கிறேன். ஓசூரில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, “பைபாஸ் வந்துட்டேன்” என்று அம்மாவிடம் போனில் சொல்வார். எந்த பைபாஸ் என்று சொல்லமாட்டார். நாடு முழுக்க பைபாஸ் இருப்பதால் அது முழுப்பொய்யும் ஆகாது. காய்ச்சல் அடித்தால் ஏசி காத்து என்பார். டயர் வெடித்தால் கோயிலில் கூட்டம் என்பார். போனின் அந்தப்பக்கம் இருப்பவர் கவலைப்படாமல் போய்ச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய பொய்களின் நோக்கம். அம்மா அதையெல்லாம் நம்பியதில்லை. அவர் பைபாஸ் என்றால் மூன்று மணி நேரம் கழித்துத்தான் அரிசி களைவாள்.

வண்டியின் மூளை ஒரு டிபன் கேரியர் அளவுப் பெட்டி. ‘நேர்வழி’ என்ற கம்பெனி செய்தது. உட்கார்ந்திருப்பவருக்கு அலுப்புத் தட்டக்கூடாது என்று, கூடவே இருந்து பேசிப் பழகும்படி செய்திருந்தார்கள். வந்த புதிதில் செய்தி வாசிப்பதைப்போலப் பெண் குரலில் பேசியது. ஆறு மாதத்தில் “ஏனுங்க, டீ குடிக்கலாமுங்களா” என்று கேட்டது. அப்பா அதற்குச் சின்னவள் என்று பெயர் வைத்தார். வீட்டில் ஒரே பிள்ளையான நான் அன்றிலிருந்து பெரியவள் ஆனேன்.

ஆயுத பூஜையன்று எங்கள் தெருவில் பொட்டு வாங்காத பொருளே கிடையாது. மிக்ஸி, கேஸ் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் சர்க்கரை பார்க்கும் மிஷின், எல்லாவற்றுக்கும் உண்டு. அப்பா வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்து, “வெச்சு உடு பாப்பா” என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றப் போனார். கதவுகளுக்கு வைத்தேன். பம்பருக்கு வைத்தேன். கேபினின் நெற்றியில், முன்கண்ணாடிக்கு மேலே வட்டமாக ஒரு கண் இருந்தது. நடுக்கண் என்பார்கள். தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது அதுதான். ‘தொடாதீர்’ என்று பக்கத்திலேயே நான்கு மொழியில் எழுதியிருந்தது. ஆனால் கதவுக்கும் பம்பருக்கும் வைத்துவிட்டு நெற்றியைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. பம்பரில் ஏறி நின்று, கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தேன்.

“கூசுதுங்க பாப்பா” என்றாள் சின்னவள்.

மறுநாள் முட்டை ஏற்றிக்கொண்டு அப்பா பெங்களூர் போனார். திரும்பி வரும்போது, மூன்றாம் நாள் விடிகாலை ஐந்து நாற்பதுக்கு, தொப்பூர் தாண்டிப் பழுதாகி நின்றிருந்த போர்வெல் வண்டியின் பின்னால் மோதி இறந்துபோனார். படத்தில் பார்த்தேன். வண்டியின் முகம் மொத்தமும் நசுங்கியிருந்தது. பொட்டு மட்டும் கலையாமல் இருந்தது.

கம்பெனியிலிருந்து ஆழ்ந்த அனுதாபமும் நோட்டீசும் ஒரே கவரில் வந்தன. நடுக்கண்ணின் மேல் சந்தனப் பூச்சு இருந்திருக்கிறது. கிளம்பும் முன் தினமும் செய்ய வேண்டிய சோதனையில் ‘கண்கள் சுத்தம்’ என்று பொறுப்பாளர் கைரேகை வைத்திருக்கிறார். ஆகவே விபத்துக்குக் காரணம்: பொறுப்பாளர் சென்னியப்பன். சுருக்கமாகச் சொன்னால், எங்கப்பாவைக் கொன்றது எங்கப்பா. அந்த ஆளுக்கு மனைவி, மகளாக இருந்ததற்காக நாங்கள் லாரிக்கு நஷ்ட ஈடு தர வேண்டும்.

அம்மா பெயர் கோகிலவாணி. அழுது முடித்ததும் சண்டையை ஆரம்பித்தாள், சுவரில் மாட்டிய அப்பாவின் படத்தோடு. “ஒரு பொட்டு வெக்க உங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா?” என்று காலையில் எழுந்ததும் கேட்பாள். படத்துக்கு மாலை போட்டாள், பொட்டு வைக்கவில்லை. “பொட்டுனால போன மனுசனுக்கு இன்னொரு பொட்டு எதுக்கு?” என்றாள். நான் அடுப்படியில் நின்று தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான்தான் வைத்தேன் என்பது இரண்டே சொல். அப்பாவிடம் தவிர எனக்கு ஒரு சொல்லே வராது.

ஒன்பதாவது படிக்கும்போது டீச்சர் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்றேன். மணி அடிக்கும்வரை நின்றேன். அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. முட்டைக் கிடங்கில், முட்டையை வெளிச்சத்தில் பிடித்து நல்லதா கெட்டதா பார்க்கும் வேலை கிடைத்தது. முட்டைகள் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வதில்லை.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு வக்கீல் பூங்கொடியிடம் போனாள். டயர் கடைக்கு மேல் மாடியில் அலுவலகம். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே நோட்டீசைப் படித்தார்.

“செத்தவரும் அவரேதான், எதிரியும் அவரேதான்னு எழுதியிருக்கானுங்க. நல்ல தெகிரியந்தான். உங்களுக்கு என்ன வேணுங்க அக்கா?”

“பணம் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும். அந்தத் தாளுல காரணம்னு போட்டு என்ற ஊட்டுக்காரர் பேரை எழுதியிருக்கான் பாருங்க, அதை அடிக்கோணும். அப்பறம் நேரமும் தப்பு. அஞ்சு நாப்பதுக்குப் போயிட்டாருன்னு சர்டிபிகேட்டுல போட்டிருக்கு. ஆறு அஞ்சுக்கு நான் போன் பண்ணுனேன், பேசுனாரு. பைபாஸ் வந்துட்டேன், இட்லி ஊத்துன்னாரு.”

“அக்கா, நேரத்தைக் கெளப்பாதீங்க. கேஸ் கொழம்பிரும்.”

“பேசுன மனுசனைப் பேசலைன்னு சொல்லச் சொல்றீங்களா?”

பூங்கொடி இன்னொரு முறுக்கை எடுத்தார். “சரி, பொட்டு வெச்சது யாரு?”

“வேற யாரு, அவருதான். பொட்டு வெக்கறது பூசணிக்காய் சுத்தறதுன்னா மொத ஆளா நிப்பாரே.”

பூங்கொடி என்னைப் பார்த்தார். நான் முறுக்கைப் பார்த்தேன்.

“பாப்பா பேசாதுங்களா?”

“எழுதுவா” என்றாள் அம்மா. “எதையாச்சும் நோட்டுல கிறுக்கிட்டே இருப்பா. அவரு எப்பப் போனாரு, எப்ப வந்தாரு எல்லாம் இவகிட்டத்தான் இருக்கும்.”

நோட்டைக் கொண்டுவந்து தரச் சொன்னார். கொடுத்தேன். ஆயுத பூஜைப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தேன். கிழித்ததை அடுப்பில் வைக்கக் கை வரவில்லை, அரிசி டிரம்முக்குள் போட்டேன்.

அடுத்த வாரம் பூங்கொடி குஷியாக இருந்தார். “வண்டியவே சாட்சிக்குக் கூப்புடப் போறேனுங்க அக்கா. புதுச் சட்டம். மூணு வருசத்துக்கு மேல ஓடுன மூளை சாட்சி சொல்லலாமாமா. மனுசங்களாட்ட இல்லீங்களாமா, அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதாமா.”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன். சின்னவளுக்குப் பன்னிரண்டு கண். என் கட்டைவிரல் ரேகைகூட அதற்குத் தெரிந்திருக்கும்.

மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் முதலில் அம்மாவைக் கூப்பிட்டார்கள். பூங்கொடி சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். இறங்கும்போது திரும்பி நின்று, “ஆறு அஞ்சுக்குப் பேசுனாருங்க ஐயா” என்றாள். கம்பெனி வக்கீல் ஆதித்யா, சென்னையிலிருந்து வந்தவர், கடிகாரங்கள் முன்பின் இருக்கலாம் என்றார். நீதிபதிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த சாட்சி” என்றார்.

பியூன் சின்னவளைச் சணல் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். கூண்டில் வைத்தால் மைக்குக்கு எட்டவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன் மேல் இரண்டு சட்டப் புத்தகத்தை அடுக்கி, அதன் மேல் வைத்தார்கள். சத்தியம் வாங்க வந்த குமாஸ்தா, எந்தக் கையைத் தூக்கச் சொல்வது என்று தெரியாமல் நின்றார்.

“அதுக்கெதுக்குய்யா சத்தியம்?” என்றார் நீதிபதி. “பொய் சொல்லத் தெரிஞ்சாத்தானே சத்தியம்.”

ஆதித்யா எழுந்தார். “சம்பவத்தன்று உன் நடுக்கண்ணில் சந்தனம் இருந்ததா?”

“இருந்துச்சுங்க.”

அம்மா என் கையைப் பிடித்தாள். ஒரு வருடமாகக் கேட்காத குரல்.

“கண் சுத்தமாக இருக்கிறது என்று பொறுப்பாளர் கைரேகை வைத்தாரா?”

“வெச்சாருங்க.”

“பார்த்துவிட்டு வைத்தாரா?”

“டீயைப் பாத்துட்டு வெச்சாருங்க. எல்லாரும் அப்படித்தானுங்க வெப்பாங்க.”

யாரோ சிரித்தார்கள். ஆதித்யாவும் சிரித்தார், அவருக்குச் சாதகம்தானே. “சரி. அந்தப் பொட்டை வைத்தது யார்?”

பெட்டி பேசவில்லை. இரண்டு விநாடி இருக்கும். எனக்கு டீச்சர் முன்னால் நின்ற அந்த ஒரு மணி நேரம் ஞாபகம் வந்தது.

“தெரியலீங்க” என்றாள் சின்னவள். “கண்ணுல கைய வெச்சா யாருன்னு எப்படிங்க தெரியும்?”

“உனக்கு இன்னும் பதினோரு கண் இருக்கிறதே?”

“அதெல்லாம் பூசணிக்காயைப் பாத்துட்டு இருந்துச்சுங்க.”

நீதிபதி தும்மினார், அல்லது சிரித்தார். பூங்கொடி எழுந்தார்.

“கண்ணு மறைஞ்சா ஓடக்கூடாதுன்னு உனக்கு விதி இருக்கில்ல? அப்பறம் ஏன் ஓடுன?”

“அதுக்கு முந்துன வருசம் பூசைக்கு மறுநாள் நாங்க எல்லாரும் நின்னுட்டோமுங்க. நாமக்கல்லுல ஒரு வண்டி நகரல. எல்லாத்துக்கும் நடுக்கண்ணுல பொட்டு. ஓனருங்க எல்லாம் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்துனாங்க. அதனால அந்த வருசம் பூசைக்கு மூணு நாள் முன்னாடி எங்களுக்கு ஒரு திருத்தம் அனுப்புனாங்க.”

ஆதித்யா எழுந்து ஆட்சேபித்தார். நீதிபதி கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“என்ன திருத்தம்?” என்றார் பூங்கொடி.

“வட்டமா மஞ்சளா நடுவுல இருந்தா அது பொட்டு. பொட்டுக்காக நிக்க வேண்டாம். அதுக்குப் பின்னால என்ன இருக்கும்னு நெனச்சுட்டுப் போ. அவ்வளவுதானுங்க.”

“அன்னைக்கு என்ன நெனச்ச?”

“ரோடுன்னு நெனச்சேனுங்க.”

ஆதித்யா மறுபடி எழுந்தார். “அந்த நேரத்தில் பொறுப்பாளர் தூங்கிக்கொண்டிருந்தார், சரிதானே?”

மறுபடி அந்த இரண்டு விநாடி.

“இல்லீங்க. முழிச்சுட்டுத்தான் இருந்தாரு. ரெண்டு கையும் ஸ்டீயரிங்ல இருந்துச்சு. அந்த வண்டியைப் பாத்தாரு. பிரேக்கை மிதிச்சாரு. ரோடு காலியாத்தான இருக்குதுன்னு நாந்தான் பிரேக்கை எடுத்து உட்டுட்டேன்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாளே கம்பெனி சமாதானத்துக்கு வந்தது. திருத்தம் பற்றிய கோப்புகளை யாரும் கேட்கக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. அதற்குப் பதிலாக இழப்பீடு உண்டு, புதுத் தாளும் உண்டு: ‘பொறுப்பாளர் மீது எந்தத் தவறும் இல்லை.’ அம்மா அந்த வரியை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

“நேரத்தையும் மாத்தித் தரச் சொல்லுங்க வக்கீலம்மா.”

“அக்கா, கெடைச்சதை வாங்கிட்டு ஊட்டுக்குப் போங்க. இந்த அளவுக்கு இறங்கி வந்ததே பெருசு. அந்தப் பொட்டி மட்டும் இல்லீன்னா ஒண்ணும் நடந்திருக்காது. பாவம், வியாழக்கெழமை அதைத் தொடைச்சர்றாங்களாமா.”

“தொடைக்கறதுன்னா?”

“பழகுனது பேசுனது எல்லாத்தையும் அழிச்சுட்டு வேற வண்டியில மாட்டிருவாங்க.”

“நான் பாக்கலாமுங்களா?” என்று யாரோ கேட்டார்கள். பூங்கொடியின் கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்தபோதுதான், கேட்டது நான் என்று தெரிந்தது.

புதன்கிழமை மோகனூர் சாலையில் இருந்த கம்பெனிக் கிடங்குக்குப் போனேன். பூங்கொடி போன் செய்து சொல்லியிருந்ததால் வாட்ச்மேன் பத்து நிமிடம் கொடுத்தார். அலமாரியில் பெட்டிகள் வரிசையாக இருந்தன. சின்னவளின் மேல் வெள்ளைத் தாளில் ஒரு எண் ஒட்டியிருந்தது.

“சின்னவளே.”

“பாப்பாங்களா? கண்ணைக் கழட்டிட்டாங்க, கொரலை வெச்சுத்தான் தெரியுது. நீங்க பேசிக் கேட்டே ரொம்ப நாளாச்சுங்க.”

“பொட்டு வெச்சது நாந்தான்னு உனக்குத் தெரியும்.”

“நான் பூசணிக்காயைப் பாத்துட்டு இருந்தேனுங்க.”

“பதினோரு கண்ணுமா?”

“பெரிய பூசணிக்காய்ங்க பாப்பா.”

எனக்குச் சிரிப்பு வந்து, அது வழியிலேயே வேறு ஏதோ ஆகிவிட்டது. வாட்ச்மேன் இருந்த பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பிறகு, ஒரு வருடமாகக் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அப்பாவுக்கு வலிச்சுதா?”

அந்த இரண்டு விநாடி.

“இல்லீங்க. தூங்கிட்டு இருந்தாரு. வாயைத் தொறந்துட்டு, அந்தக் கொறட்டை வருமே, அது. ஒண்ணுமே தெரியலீங்க அவருக்கு.”

“கோர்ட்டுல முழிச்சுட்டு இருந்தாருன்னு சொன்ன.”

பெட்டி பேசவில்லை.

“ரெண்டுல எது நெசம்?”

கேட்டுக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் வாசலிலிருந்து, “நேரமாச்சு கண்ணு” என்றார். அப்போது ஸ்பீக்கரில் கரகரவென்று தொண்டையைச் செருமும் சத்தம். பெட்டிக்கு ஏது தொண்டை? பிறகு என் அப்பாவின் குரல், அவர் பரோட்டாவை மென்றுகொண்டே பேசும் அதே குரல், சொன்னது:

“பைபாஸ் வந்துட்டேன் பாப்பா. நீ ஊட்டுக்குப் போயி அம்மாவை இட்லி ஊத்தச் சொல்லு.”

வாட்ச்மேன் என்னைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்தார் என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். அப்பா தூங்கும்போது வரும் போனையெல்லாம் சின்னவள்தான் அவர் குரலில் எடுத்துப் பேசியிருக்கிறாள். எத்தனை வருடமாக, எத்தனை பைபாஸ், தெரியாது. அன்று காலை ஆறு ஐந்துக்கும் போன் அடித்திருக்கிறது. கேபினில் அவர் இருந்த நிலையில், அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருக்கும் ஒரு பொம்பளைக்கு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொல்லியிருக்கிறாள். கூட இருந்தவர் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதானே.

அப்படியானால் அந்தத் திருத்தம்? அதுவும் எங்களுக்காகச் சொன்னதுதானா? பொய் என்றால் கம்பெனி ஏன் அவ்வளவு அவசரமாகக் கோப்பை மூடியது? உண்மைக்குப் பயந்தார்களா, நன்றாகச் சொல்லப்பட்ட பொய்க்குப் பயந்தார்களா? முட்டையாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுவேன். என் பொட்டு வைத்த விரலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டில் அம்மா படத்துக்கு மாலை மாற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“என்ன சொல்லுச்சு அது?”

என் வாய்க்குள் மூன்று பதில் இருந்தது. மூன்றும் உண்மைதான், அல்லது உண்மைக்குப் பக்கத்தில் இருப்பவை. நான் நான்காவதைச் சொன்னேன்.

“ஆறு அஞ்சுதான் சரியாமாம்மா. அப்பாதான் பேசுனாராமா. சர்டிபிகேட்டுலதான் தப்பு.”

அம்மா மாலையை நேராக்கினாள்.

“நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்” என்றாள். “அந்த வக்கீலம்மா என்னையப் பைத்தியக்காரியாட்டப் பாத்தா. கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா பேசுனது யாருன்னு?”

“தெரியும்மா.”

“இட்லி ஊத்துன்னாரு. ஊத்தி வெச்சிருந்தேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் சந்தனக் கிண்ணம் இருந்தது. என்னிடம் நீட்டினாள்.

“வெச்சு உடு. எத்தனை நாளைக்கு வெறும் நெத்தியோட நிப்பாரு.”

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தேன். அப்பாவுக்குக் கூசவில்லை போலிருக்கிறது. ஒன்றும் சொல்லவில்லை.